முதல் இடிக்குத் தாங்குகிற சிஸ்டம்

அடுத்த மாதம் நான் மலையை விட்டு இறங்குகிறேன். நீங்கள் இருவரும் ஏறி வருகிறீர்கள். இயந்திரத்தை எப்படித் தொடங்குவது, எப்படி நிறுத்துவது, பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் கோப்பில் இருக்கிறது. வரிசை எண் போட்டு எழுதியிருக்கிறேன். எண் போடாமல் எனக்குச் சாப்பிடக்கூடத் தெரியாது என்று இங்கே ஒரு கிண்டல் உண்டு. வந்ததும் நீங்களே கேட்பீர்கள். கோப்பில் எழுத முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பக்கங்கள்.

முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு கேள்வி வரும். கீழே பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் என்ற பெரிய சிஸ்டம் ஓடுகிறது. நீங்கள் படித்துத் தேறியதும் அதில்தான். ஜவ்வாது மலையில் இருக்கும் நம் மழை அளவு நிலையத்தில் மட்டும் ஏன் ஒரு சமயத்தில் ஒரு வேலைக்கு மேல் செய்யாத, கோப்புக்கு நீளமாகப் பெயர்கூட வைக்க விடாத இந்தச் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்? மேலே வருகிற ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவரும் இதைக் கேட்டிருக்கிறார். சிலர் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். இதைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டவள் நான் என்பதால் பதிலும் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் இயந்திரத்தின் வேலை உங்களுக்குத் தெரியும். சரிவுகளில் நட்டிருக்கும் மழைமானிகள் ரேடியோ வழியாக அனுப்பும் அளவுகளை வாங்கிக்கொள்ள வேண்டும், வட்டில், அதாவது டிஸ்கில், எழுதி வைக்க வேண்டும், டெலிபோன் லைன் உயிரோடு இருக்கிற நேரம் பார்த்துக் கீழே தள்ளிவிட வேண்டும். லைன் நாள்கணக்கில் செத்துக் கிடக்கும் மலையில், நடுவில் சொன்ன வேலைதான் முக்கியமானது. வட்டில் இருந்தால்தான் அந்த மழை பெய்ததாகக் கணக்கு.

இயந்திரம் வந்தபோது அதனுடன் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் வந்தன. ஒன்று யூனிக்ஸ். இன்னொன்று, கம்பெனிக்காரர் பெட்டிக்குள் சேர்த்தே போட்டுக்கொடுத்த சின்ன ஒன்று. இரண்டையும் மழைக்காலத்தில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, எது வேண்டுமென்று நான் எழுதித் தர வேண்டும் என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார்.

நான் ஒரு பட்டியல் போட்டேன். வேகம், ஒரே சமயத்தில் எத்தனை வேலை, கீழே எழுதும் நிரல்கள் மேலே ஓடுமா, நாளைக்கு மழைமானிகள் கூடினால் தாங்குமா, பாதுகாப்பு, ஆவணங்கள். ஒவ்வொன்றிலும் யூனிக்ஸ்தான் முன்னால் நின்றது. பட்டியலைப் பார்த்துத் துறைத் தலைவர் சந்தோஷப்பட்டார். அவருடைய சந்தோஷத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. கீழே மாணவர்கள் எழுதுவதை அப்படியே கொண்டுவந்து மேலே ஓட்டலாம். மலைக்கு இயந்திரம் என்றால் யாரும் காசு தராத காலத்தில் அலுவலகம் அலுவலகமாக அலைந்து வாங்கியவர் அவர். தன் மாணவர்களுக்கு அது முழுதாகப் பயன்பட வேண்டுமென்று நினைத்ததில் தப்பில்லை.

பிலோமினா அக்காவை இங்கே அறிமுகப்படுத்தியாக வேண்டும். இயந்திரத்தைத் தினமும் பார்த்துக்கொள்பவர் அவர்தான், அப்போதும் அவரேதான். ஊர் கண்ணமங்கலம் பக்கம். அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாள் அதிகம். இரண்டு பெண் குழந்தைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுத் திங்கள்கிழமை போளூரில் பஸ் மாறி ஏறுவார், சனிக்கிழமை இறங்குவார். அப்போது தினக்கூலி. அந்த வருடம் ஆபரேட்டர் பதவியை நிரந்தரமாக்கப் போகிறார்கள், அது அவருக்குக் கிடைக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். நிரந்தரமானால் பெண்களைப் போளூரில் சேர்த்துப் படிக்கவைக்கலாம், வாரக் கடைசிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று அவர் அடிக்கடி சொல்வார்.

யூனிக்ஸுக்கு அவர் ‘பெருசு’ என்று பெயர் வைத்திருந்தார். மற்றது ‘சிறுசு’.

“பெருசு இன்னா மேடம் இவ்ளோ மரியாத கேக்குது?” என்பார். “எய்ந்திருக்கறதுக்கு ஒரு வார்த்த, படுக்கறதுக்கு மூணு வார்த்தயா?”

இயந்திரத்தை நிறுத்தும் முன் ‘ஸிங்க்’ என்று மூன்று முறை தட்டச் சொல்லியிருந்தேன். யூனிக்ஸ், எழுத வேண்டியதை உடனே வட்டில் எழுதிவிடாது. நினைவில் சேர்த்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து மொத்தமாக எழுதும். அதன் வேகத்துக்கு அதுதான் காரணம். அந்தக் கட்டளை, கையில் இருப்பதையெல்லாம் இப்போதே எழுதிவிடு என்று சொல்வது. ஒரு முறை போதாதா என்றால், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மூன்று முறை தட்டச் சொன்னார்கள், நாங்களும் தட்டினோம்.

“புரிஞ்சிடுச்சி. சர்ச்சு பூசையில நாங்ககூட ‘பரிசுத்தர்’னு மூணு தடவ சொல்லுவோம். ஒரு தடவ சொன்னா கேக்காதுன்னா சொல்றோம்?”

யூனிக்ஸின் முறை வந்து அது ஓடிக்கொண்டிருந்த ஒரு வாரம், நான் கூட்டத்துக்காகக் கீழே போயிருந்தேன். லைன் செத்திருந்ததால் அந்த வாரத்து அளவுகள் எல்லாம் வட்டில் மட்டுமே இருந்தன. அந்தப் பருவத்தின் முதல் பெருமழை, எல்லோரும் காத்திருந்த மழை, அதில் இருந்தது. பிற்பகலில் மறுபடி மேகம் கட்டியது. முதல் இடி இடித்ததும் பிலோமினா அக்கா டெலிபோன் பிளக்கைப் பிடுங்கினார், மெயினை இறக்கினார், வெளியே கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டார்.

மழை விட்டதும் வந்து இயந்திரத்தைப் போட்டிருக்கிறார். வட்டு குழம்பிப்போயிருந்தது. இந்தக் கோப்பை நீக்கவா, அந்தத் துண்டை நீக்கவா என்று திரையில் ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வி. என்னைக் கேட்க டெலிபோன் இல்லை. அவர் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அந்த வாரத்து மழை இல்லை.

“ஏங்கக்கா எல்லாத்துக்கும் ஆமாம்னு போட்டீங்க?”

“இல்லன்னு போட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியல மேடம். ஆமான்னா அது பாட்டுக்குப் போய்க்கினே இருந்திச்சி. நல்லதுக்குத்தான் போவுதுன்னு நெனச்சேன்.”

“மெயினை இறக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் குற்ற உணர்ச்சியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. “இடி இடிச்சிச்சி மேடம்” என்றார், அதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது என்பதைப் போல. பிறகு விளக்கவும் செய்தார். “எங்க வூட்ல மொதல் இடிக்கே மெயினை எறக்கிடுவோம். எங்க வூடு மட்டுமா, எங்க ஊர் பூரா அப்டித்தான். எங்க மாமியார் ரேடியோ பொட்டிய போர்வையப் போட்டு மூடிட்டு, சர்ச்சுல மந்திரிச்சுக் குடுத்த குருத்தோலயக் கொளுத்திக்கினு ஜெபத்துல ஒக்காந்துடும். இங்க மலையில இன்னும் மோசம். வெள்ளையன் அண்ணனக் கேளுங்க.”

வெள்ளையன் நம் காவலாளி. மலைக்காரர், சாமை விதைப்பவர், புளிய மரங்கள் உண்டு. கதவருகே நின்றிருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார். “நான்தான் அன்னிக்கு டீச்சரம்மா எறக்கிட்டாங்களான்னு வந்து எட்டிப் பாத்தேன்” என்றார். படித்த பெண்கள் எல்லோரும் அவருக்கு டீச்சரம்மாதான். “போன வருசம் போஸ்ட்டாபீஸ்ல எறக்காம வுட்டாங்க. போன் பொட்டி கரிக்கட்டையா கெடந்துச்சி.”

லைன் வந்ததும் துறைத் தலைவர் கீழே இருந்தபடியே டெலிபோனில் விஷயத்தைக் கேட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. அமைதியாகப் பேசுவார்; அது இன்னும் கஷ்டம்.

“அவங்க மேல எனக்குக் கோபம் இல்லம்மா. நல்லவங்க. ஆனா இந்த சிஸ்டத்துக்கு அவங்க சரிப்பட்டு வர மாட்டாங்க. எம்.எஸ்ஸி. முடிச்ச ஒருத்தரைப் போட்டுக்குவோம். யூனிக்ஸ், பட்டதாரி ஆபரேட்டர்னு சேர்த்தே எழுதிக் கொடு. நான் அனுப்பிடறேன்.”

பேட்டரிப் பெட்டி வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்று வாங்கினோம், இங்கே கரண்ட் ஏறி இறங்குகிற வேகத்துக்கு அது சீக்கிரமே படுத்துவிட்டது. அது உயிரோடு இருந்தாலும், இடி நேரத்தில் வெளியிலிருந்து வருகிற கம்பிகளைக் கழற்றுவதுதான் பாதுகாப்பு. அதைப் பேட்டரி செய்யாது.

அந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. என் பட்டியலின்படி யூனிக்ஸ் இன்னும் முன்னால்தான் நின்றது. அக்காவுக்காகப் பட்டியலை வளைப்பது சரியா என்று எனக்குச் சந்தேகம். ஒருவருடைய வேலைக்காக ஒரு நிலையத்தின் இயந்திரத்தைக் குறைத்துத் தேர்ந்தெடுத்தால், அது கருணைபோல் தெரியும். பத்து வருடம் கழித்து வருகிறவர்கள் அதைச் சுமப்பார்கள். நீங்களும் இந்த இடத்துக்கு ஒருநாள் வருவீர்கள். அந்த நேரத்தில் எதையும் சீக்கிரம் எழுதிவிடாதீர்கள் என்பதைத் தவிர என்னிடம் யோசனை இல்லை.

தன் இடத்தில் ஒரு பட்டதாரியைப் போடப்போகிற செய்தி அக்காவுக்கு எப்படியோ எட்டிவிட்டது. ஒரு காலையில் டீ டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.

“பெருசுகூட நான் பயகிக்கிறேன் மேடம். இனிமே எறக்க மாட்டேன். எங்க பொண்ணுங்க மேல சத்தியமா எறக்க மாட்டேன்.”

அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவர் பழகினார். நிறுத்தும் முறையை, தையல் கற்றுக்கொள்கிறவர் கிழிசல் துணியில் போட்டுப் பார்ப்பதைப் போல, திரும்பத் திரும்பச் செய்தார். யார் யார் சிஸ்டத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது, ஓடும் நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்துவது, மூன்று ஸிங்க், வட்டின் விளக்கு அணையும் வரை காத்திருப்பது. தப்பே இல்லாமல் செய்தார். ஆனால் அதற்குச் சில நிமிடங்கள் பிடித்தன. எனக்கும் அதே நேரம்தான் பிடித்தது.

நேரில் பார்க்க வேண்டும் என்று துறைத் தலைவர் ஒருநாள் ஜீப்பில் வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி, வந்ததும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தெளிந்து, பிலோமினா அக்காவிடம் ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். அவர் சரியாகப் பதில் சொன்னார். லைன் நன்றாக இருந்ததால் அளவுகள் கீழே போய்க்கொண்டிருந்தன. துறைத் தலைவர் திரையில் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்த நேரம். வெள்ளையன் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்: “அந்தாண்ட கட்டிக்கினு வருது! துணி எடுத்துட்டீங்களா?”

முதல் இடி தூரத்தில்தான் இடித்தது. பிலோமினா அக்கா நிமிர்ந்தார். அவர் கை டெலிபோன் பிளக் பக்கம் போயிற்று. போன கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார், துறைத் தலைவரைப் பார்த்தார்.

“பாதி போயிருக்கு, முடிஞ்சிடட்டும்” என்றார் துறைத் தலைவர். “அப்புறம் முறையா நிறுத்துங்க. அவசரம் இல்ல.”

“சரிங்க சார்.”

மலையில் மேகம் வருகிற வேகத்தை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜன்னலில் எதிர்மேடு தெரிந்துகொண்டிருந்தது, பிறகு தெரியவில்லை. அடுத்த இடியில் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தார். முதல் ஸிங்க். டெலிபோன் யாரும் கூப்பிடாமலே ‘டிங்’ என்று ஒருமுறை மணி அடித்து அடங்கியது. கம்பி வழியாக மின்சாரம் எட்டிப் பார்த்தால் அப்படி அடிக்கும்.

அப்போதுதான் நான் அவருடைய கால்களைப் பார்த்தேன். செருப்பில்லாத இரண்டு கால்களையும் சிமெண்ட் தரையிலிருந்து தூக்கி, நாற்காலியின் மரக்கட்டை மேல் வைத்துக் குறுக்கியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. கை மட்டும் விசைகளின் மேல், டைப்ரைட்டிங் தேர்வில் உட்கார்ந்திருப்பவரைப் போல ஒழுங்காக இருந்தது. இரண்டாவது ஸிங்க்.

நான் வாசல் பக்கம், மெயின் போர்டுக்கு அருகில் நின்றிருந்தேன். யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். டெலிபோன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெயினை இறக்கினேன்.

அடுத்த மின்னல் எங்கே விழுந்தது என்று தெரியாது. அறை முழுதும் வெள்ளையாயிற்று. சுவரில் டெலிபோன் கம்பி உள்ளே வருகிற சின்னப் பெட்டி ‘பட்’டென்று தெறித்தது. புகை நாற்றம். பிறகு மழைச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை.

முதலில் பேசியது பிலோமினா அக்கா.

“நான் எறக்கல சார்” என்றார். “சார், நான் எறக்கவே இல்ல.”

துறைத் தலைவர் சுவரில் கருகிய பெட்டியைப் பார்த்தார். பிறகு, இன்னும் கீழே இறங்காத அந்தக் கால்களைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“தெரியும்மா” என்றார். “நீங்க இறக்கியிருக்கணும். நான்தான் விடல.”

“நான்தான் சார் இறக்கினேன்” என்றேன். “வட்டு மறுபடி குழம்பியிருக்கும்.”

“குழம்பட்டும். முதல்ல டீ கிடைக்குமா பாரு.”

வெள்ளையன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டீ வாங்கிவந்தார். இருட்டுக்குள் நாலு பேரும் குடித்தோம். “மூணு பேரு உள்ள இருந்துக்கினு ஒருத்தரு எறக்கறதுக்கு இம்மா நேரமா?” என்று அவர் கேட்டார். அக்காதான் முதலில் சிரித்தார்.

மழை விட்டபின் இயந்திரத்தைப் போட்டேன். எதிர்பார்த்ததுபோல் கேள்விகள் வந்தன. துறைத் தலைவர் என் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் நான் என்ன போடுகிறேன் என்று பார்த்தார். ஒரு கேள்வியில் என் கை நின்றது.

“இதுக்கு என்ன போடுவ?”

“தெரியல சார்.”

“எனக்கும் தெரியல” என்றார். “அவங்க ஒண்டியா உக்காந்து ஆமாம்னு போட்டதுல என்ன அதிசயம்?”

அடுத்த நாள் சின்ன சிஸ்டத்தைப் போட்டோம். அளவுகள் வந்துகொண்டிருக்கும்போது, வானம் தெளிவாக இருந்தபோதே, அக்காவை மெயினை இறக்கச் சொன்னேன். அவர் நம்பவில்லை. “மெய்யாலுமா?” என்று இரண்டு தரம் கேட்டு, பிறகு இறக்கினார். ஏற்றினோம். அது எதையும் கேட்கவில்லை. வந்த அளவை வந்தவுடனே வட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததை வாங்குகிற சிஸ்டம் அது. அந்த அவசரத்தால்தான் அவ்வளவு மெதுவாக ஓடுகிறது. கடைசியாக வந்துகொண்டிருந்த ஒரே ஒரு அளவு மட்டும் போயிருந்தது. மறுபடி இறக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

நான் பட்டியலைத் திரும்ப எழுதினேன். பழைய கேள்விகள் எதையும் அடிக்கவில்லை. அவற்றுக்கு மேலே ஒன்றைச் சேர்த்தேன்: இடிக்குப் பயந்த ஒருவர், செய்ய வேண்டியபடியே, உடனே மின்சாரத்தை நிறுத்தினால், நமக்கு என்ன நஷ்டம்? யூனிக்ஸுக்கு எதிரே ஒரு வாரத்து மழை என்று எழுதினேன். சின்னதுக்கு எதிரே ஓர் அளவு. அதன்பின் பட்டியலை வளைக்க வேண்டிய தேவை வரவில்லை. முன்பு அதை மலையில் ஓடப்போகிற இயந்திரத்துக்காக எழுதாமல், எங்கோ கரண்ட் போகாத அறையில் இருக்கும் இயந்திரத்துக்காக எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

இதனால் இழந்தவற்றையும் சொல்லிவிட வேண்டும். கீழே மாணவர்கள் எழுதுகிற எதுவும் இங்கே நேரடியாக ஓடாது. கீழே அனுப்பிக்கொண்டிருக்கும்போது வேறு எதுவும் செய்ய முடியாது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மழைமானிகள் இன்னும் கூடினால் இந்தச் சிஸ்டம் திணறும். அந்த நாள் வரும்போது நீங்கள் மாற்றுங்கள். எனக்காக இதைக் காப்பாற்ற வேண்டாம். மாற்றும்போது அந்த முதல் கேள்வியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

அறிக்கையைத் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். ஆபரேட்டரைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. சிஸ்டத்தின் காரணத்தோடு அவருடைய வேலையைச் சேர்த்துக் கட்டக்கூடாது என்று நினைத்தேன். படித்து முடித்துவிட்டுத் துறைத் தலைவர் பேனாவை எடுத்தார். அடியில், இந்தச் சிஸ்டத்துக்கு இப்போதுள்ள ஆபரேட்டரே தகுதியானவர், பதவியை அவருக்கே நிரந்தரமாக்கலாம் என்று தன் கையால் எழுதினார்.

“மாணவர்கள்தான் என்னைத் திட்டுவாங்க” என்றார்.

“என்னைத்தான் சார் திட்டுவாங்க. பேர் என்னுதுதானே இருக்கு.”

“ரெண்டு பேரையும் திட்டட்டும்.”

உத்தரவு வந்த சனிக்கிழமை பிலோமினா அக்கா கீழே போனார். திங்களன்று திரும்பியபோது இரண்டு பெண்களும் கூடவே வந்தார்கள், இயந்திரத்தைப் பார்க்க. சின்னவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, டிவின்னு நெனச்சேன்” என்று முகம் சுளித்தாள். இப்போது இருவரும் போளூரில் படிக்கிறார்கள்.

நீங்கள் வந்துசேர்வது ஆவணியில். பிற்பகல்களில் மேகம் கட்டும். முதல் இடி இடித்ததும் அக்கா எழுந்து, டெலிபோன் பிளக்கைப் பிடுங்கி, மெயினை இறக்குவார். திரையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தாலும் உங்களைக் கேட்க மாட்டார். உங்கள் கை தன்னாலே அவரைத் தடுக்க எழும். எல்லோருக்கும் முதல்முறை எழுந்திருக்கிறது. எழுந்த கையை இறக்கிக்கொண்டு, அவருடன் வெளியே போய்க் கொடியில் இருக்கும் துணியை எடுக்க உதவுங்கள்.